புராஸ்டேட் அறுவை சிகிச்சையும் நரம்புக் காயமும்



விழா மேடையில் பேசுவதற்கு இது ஏற்ற பொருள்தானா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், கண்புரை ஆகியவை பற்றி மருத்துவ உரைகள் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. அறுபதைக் கடந்த ஆடவர் பலரை அலைக்கழிக்கும் புராஸ்டேட் சுரப்பியைப் பற்றியோ, அதன் அறுவைக்குப் பின் நேரக்கூடிய சிறுநீர்க் கசிவையும் இல்லற ஆற்றல் இழப்பையும் பற்றியோ எவரும் வாய் திறப்பதில்லை. அதனால் அறுவைக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படாமல் போகின்றன. அறுவைக்குப் பின் கிடைக்கக்கூடிய உதவியும் நாடப்படாமல் போகின்றது. கோயில் விழாவில் முன்வரிசையில் அமர்ந்து வந்தவர் மெல்லப் பின்வரிசைக்குச் செல்கிறார். அடுத்த ஆண்டு வருவதே இல்லை. பொன்னூர் மலைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால், முழங்கால் வலி என்று விடை வருகிறது. உண்மைக் காரணம் வேட்டியில் படியும் ஈரம் என்பதை அவர் மனைவி மட்டுமே அறிவார். சில வீடுகளில் அவரும் அறியார்.

ஆகவே அவையடக்கத்தோடு, ஆனால் சொற்களை மூடி மறைக்காமல், இப்பொருளைப் பேசியே ஆக வேண்டும்.

புராஸ்டேட் என்பது ஆடவர்க்கு மட்டுமே உரிய சுரப்பி. சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, மலக்குடலுக்கு முன்னே, இடுப்பெலும்புக் கூட்டின் ஆழத்தில் அது அமைந்துள்ளது. இளமையில் ஓர் அக்ரூட் கொட்டையின் பருமனும் ஏறத்தாழ 20 கிராம் எடையும் உடையது. சிறுநீர்ப்பையிலிருந்து இறங்கும் சிறுநீர்க்குழாய் இச்சுரப்பியின் நடுவே புகுந்து செல்கிறது. சுரப்பிக்குச் சற்றுக் கீழே, சிறுநீரைத் தடுத்து நிறுத்தும் வளையத் தசை இருக்கிறது. சுரப்பியைக் கடிகார முகமாகக் கருதினால், ஐந்து மணியும் ஏழு மணியும் குறிக்கப்படும் இடங்களில், இருபுறமும் பின்பக்கமாக, நுண்ணிய இரத்தக் குழாய்களோடு பின்னிப் பிணைந்து மயிரிழை போன்ற நரம்புகள் இறங்குகின்றன. ஆண்குறியின் விறைப்புக்குரிய கட்டளையைக் கொண்டு செல்பவை இவையே. சுரப்பியின் மேலுறையை உரசிக்கொண்டு அப்பால் செல்லும் வழிப்போக்கர்கள் என்று இவற்றைக் கூறலாம். ஆனால் அந்த நெருக்கமே இவற்றுக்கு ஆபத்தாய் முடிகிறது.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வது நன்று. “புராஸ்டேட் ஆபரேஷன்” என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒன்றன்று; முற்றிலும் வேறான இரண்டு. வயதின் காரணமாகச் சுரப்பி வீங்கிச் சிறுநீரின் வழியை அடைக்கும்போது செய்யப்படுவது முதல் வகை. சிறுநீர்த் துவாரத்தின் வழியே கருவியைச் செலுத்தி, அடைப்பாக உள்ள உட்பகுதியை மட்டும் செதுக்கி எடுப்பர். விளாம்பழத்தின் ஓட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளிருக்கும் சதையை வழித்தெடுப்பதை ஒத்தது இது. நரம்புகள் ஓட்டுக்கு வெளியே இருப்பதால் இவ்வகை அறுவையில் அவை காயமுறுவது அரிது. இதன் பின்னர் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிச் செல்வது பலருக்கு நேரும். அது நரம்புக் காயத்தால் நேர்வதன்று, உடலுக்குத் தீங்கு செய்வதுமன்று.

இரண்டாம் வகை, புற்றுநோய்க்காகச் செய்யப்படுவது. இதில் ஓட்டோடு பழம் முழுவதையும் எடுத்தாக வேண்டும். சுரப்பியை அதன் உறையோடு அகற்றி, சிறுநீர்ப்பையைக் கீழே இழுத்துச் சிறுநீர்க்குழாயோடு தைத்து இணைப்பர். ஓட்டை ஒட்டிப் படர்ந்த கொடி போன்ற நரம்புகளை அறுக்காமலும் இழுக்காமலும் சுடாமலும் ஓட்டை மட்டும் பிரித்தெடுப்பதுதான் இதில் உள்ள அருமை. நரம்புக் காயம் பற்றிய பேச்செல்லாம் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்ததே. முதல் வகை அறுவைக்குச் செல்லும் அண்டை வீட்டாரிடம் இரண்டாம் வகையின் கதைகளைச் சொல்லி அச்சுறுத்துவது ஊர்தோறும் நடக்கிறது. அதைத் தவிர்த்தல் வேண்டும்.

இந்த நரம்புகள் எங்கே ஓடுகின்றன என்பது மருத்துவ உலகுக்கே நெடுங்காலம் தெரியாதிருந்தது என்றால் வியப்பாக இருக்கும். புற்றுநோய்க்காக இச்சுரப்பியை முழுமையாக அகற்றும் அறுவையை அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் என்பவர் 1904ஆம் ஆண்டில் செய்தார். அதன் பின் முக்கால் நூற்றாண்டுக் காலம், அவ்வறுவைக்கு உட்பட்ட ஆடவர் ஏறக்குறைய எல்லோருமே இல்லற ஆற்றலை இழந்தனர். பலர் சிறுநீரை அடக்கும் திறனையும் இழந்தனர். விறைப்புக்குரிய நரம்புகள் சுரப்பிக்குள்ளேயே ஊடுருவிச் செல்வதாகப் பலரும் கருதியிருந்தனர். அவ்வாறாயின் சுரப்பியை எடுக்கும்போது அவையும் போவது தவிர்க்க முடியாத விலை அல்லவா? அவற்றை எவரும் தேடிப் பார்க்கவும் இல்லை. தேடினாலும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. சுரப்பியின் முன்புறத்தில் பெரிய சிரைகள் அடர்ந்திருப்பதால், அறுவை முழுவதும் குருதி வெள்ளத்தினூடே கைத்தடவலாகவே நடந்துவந்தது.

அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1970களில் பணியாற்றிய பேட்ரிக் வால்ஷ் என்ற அறுவை மருத்துவர், அந்தச் சிரைகளின் அமைப்பை ஆராய்ந்து, குருதிப்போக்கைக் கட்டுப்படுத்தும் முறையை வகுத்தார். குருதி வடிந்ததும் அறுவை நடக்கும் இடம் கண்ணுக்குப் புலனாயிற்று. 1977ஆம் ஆண்டில் அவரிடம் அறுவை செய்துகொண்ட ஒருவர், சில மாதங்களுக்குப் பின் வந்து, தம் இல்லற வாழ்வு முன்போலவே இருப்பதாகக் கூறினார். நரம்புகள் சுரப்பிக்குள் செல்வது உண்மையானால் இது நிகழ்ந்திருக்க இயலாது. எனவே அவை வேறெங்கோ செல்கின்றன என்ற எண்ணம் வால்ஷின் மனத்தில் விழுந்தது.

1981 பிப்ரவரியில் நெதர்லாந்தின் லைடன் நகருக்கு அவர் சென்றபோது, பணி ஓய்வு பெற்றிருந்த பேராசிரியர் பீட்டர் டோங்கர் தம் ஆய்வுக்கூடத்துக்கு அவரை அழைத்துச் சென்றார். உயிரின்றிப் பிறந்த ஓர் ஆண் சிசுவின் உடலில், சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்புகளை டோங்கர் பொறுமையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். முதியோர் உடலில் கொழுப்பும் நார்த்திசுவும் மூடிக்கொள்ளும் நரம்புகள் சிசுவின் உடலில் தெளிவாகத் தெரியும். விறைப்புக்குரிய நரம்புகள் எங்கே என்று வால்ஷ் கேட்டார். தாம் அவற்றைத் தேடியதே இல்லை என்றார் டோங்கர். இருவரும் அமர்ந்து தேடினர். சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டனர். நரம்புகள் சுரப்பிக்குள் செல்லவில்லை. அதன் உறைக்கு வெளியே ஒதுங்கிச் சென்றன. கண்டறிந்ததை இருவரும் 1982இல் வெளியிட்டனர். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள், நரம்புகளைக் காக்க வேண்டும் என்ற நோக்கத்தோடே திட்டமிட்ட முதல் அறுவையை வால்ஷ் செய்தார். பெயரிடப்படாமலே மறைந்த அச்சிசுவின் உடலுக்கு உலகின் எத்தனை குடும்பங்கள் கடன்பட்டிருக்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

அந்நாளிலிருந்து அறுவையின் இலக்கு மூன்றாக வரிசைப்பட்டது: முதலில் நோயை முற்றாக நீக்குதல், அடுத்துச் சிறுநீரை அடக்கும் திறனைக் காத்தல், அதன் பின் இல்லற ஆற்றலைக் காத்தல். இவ்வரிசை மாறக்கூடாது. புற்று உறையைத் தாண்டி நரம்பை நோக்கிப் பரவியிருந்தால், அப்பக்கத்து நரம்பைக் காக்க முயல்வது நோயை உள்ளே விட்டுவைப்பதாகும். ஒருபக்கம் மட்டும் பரவியிருந்தால் மறுபக்க நரம்பையேனும் காக்கலாம். பயாப்சி அறிக்கையில் எப்பக்கத்தில் எவ்வளவு வீரியமுள்ள புற்று காணப்பட்டது, எம்.ஆர்.ஐ. படத்தில் உறை சிதைந்துள்ளதா என்பவற்றைக் கொண்டே இதனை மருத்துவர் முடிவு செய்கிறார். இந்தியாவில் இந்நோய் முற்றிய பின்னரே பலருக்குக் கண்டறியப்படுகிறது. ஆகவே நரம்பைக் காக்கும் வாய்ப்பை அறுவை மேசையில் இழப்பதைவிட, சிறுநீர்த் தொல்லையை முதுமையின் இயல்பு என்று ஒதுக்கிக் கடத்திய ஆண்டுகளில் இழப்பவரே மிகுதி.

நரம்பு காக்கப்பட்டது என்று மருத்துவர் கூறிய பின்னரும் ஆற்றல் உடனே திரும்பாதது ஏன் என்று பலர் மனம் உடைகின்றனர். இங்கே நரம்பின் இயல்பை அறிதல் வேண்டும். ஹெர்பர்ட் செடன் என்ற பிரிட்டானிய மருத்துவர் 1943இல் நரம்புக் காயங்களை மூவகையாகப் பிரித்தார். நரம்பின் இழை அறாமல் அதிர்ச்சியால் செயலற்று நிற்பது முதல் வகை. மின்கம்பி முழுதாக இருந்தும் மின்சாரம் நின்றுபோனது போன்றது. வெளியுறை நிலைத்திருக்க உள்ளிழை அறுந்துபோவது இரண்டாம் வகை. உறையும் இழையும் சேர்ந்தே துண்டாவது மூன்றாம் வகை. அறுவையின்போது நரம்பை வெட்டாவிட்டாலும், ஒதுக்கிப் பிடிக்கையில் நேரும் இழுவை, குருதியை நிறுத்தப் பயன்படும் மின்சூட்டுக் கருவியின் வெப்பம், பின்னர் வரும் வீக்கம் ஆகியவை அதனை முதல் இரு வகைக் காயங்களுக்கு உள்ளாக்குகின்றன. முதல் வகை வாரங்களிலோ சில மாதங்களிலோ தானே தெளியும். இரண்டாம் வகையில் இழை மீண்டும் வளர வேண்டும். அது பொதுவாக நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். போய்ச் சேர்ந்த பின்னும் பழைய தொடர்பு சீராகக் காலம் எடுக்கும். அதனால்தான் இல்லற ஆற்றல் திரும்ப ஓராண்டும், பலருக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளும் ஆகின்றன. மூன்றாம் மாதத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று முடிவுகட்டிவிடுவது அவசர முடிவு.

அறுந்த நரம்புக்குப் பதிலாகக் கணுக்காலிலிருந்து நரம்பெடுத்து ஒட்டும் முறையும் முயலப்பட்டது. ஆனால் ஒருபக்க நரம்பு நீக்கப்பட்டவர்களிடம் செய்யப்பட்ட ஒப்பீட்டு ஆய்வில் அதனால் கூடுதல் பயன் காணப்படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொடு உணர்ச்சியும் இன்ப உணர்ச்சியும் வேறொரு நரம்பின் வழியே செல்கின்றன. அது சுரப்பியை விட்டு விலகியே ஓடுகிறது. எனவே விறைப்பு இல்லாமற் போனாலும் அவ்வுணர்ச்சிகள் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். விந்து மட்டும் வெளிப்படாது. இதனை அறுவைக்கு முன்னரே யாரேனும் சொல்லியிருந்தால், எல்லாம் முடிந்தது என்று தனி அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்ட முதியவர் பலர் அவ்வாறு செய்திருக்க மாட்டார்.

விறைப்புக்குரிய நரம்புகளேயன்றி வேறு சில நரம்புகளும் இவ்வறுவையில் பாதிக்கப்படலாம். நோய் பரவியுள்ளதா என்று அறிய இடுப்புக்குள்ளிருக்கும் நிணநீர்க் கட்டிகளை எடுக்கும்போது, தொடைகளை ஒன்றோடொன்று சேர்க்கும் தசைகளுக்குரிய நரம்பு அவ்விடத்திலேயே செல்வதால் காயமுறக்கூடும். அவ்வாறானால் தொடையின் உட்புறத்தில் மரப்பும், நடக்கையில் கால் வெளிப்புறம் விலகுவதும் தோன்றும். அறுவையின்போதே கண்டுகொண்டால் தைத்து இணைக்கலாம். பெரும்பாலோர் இயன்முறைப் பயிற்சியால் தேறுகின்றனர். ரோபோ வழி அறுவையில் நோயாளியைத் தலை தாழ்வாகச் சரித்துப் பல மணி நேரம் கிடத்துகின்றனர். கால்கள் உயர்த்தி வைக்கப்படுகின்றன. அழுத்தத்தின் காரணமாக முழங்காலுக்குக் கீழுள்ள நரம்பு தளர்ந்து பாதம் தொய்வதும், தோளிலிருந்து இறங்கும் நரம்புகள் இழுபட்டுக் கை மரப்பதும் அரிதாக நேரும். கண்விழித்ததும் கையோ காலோ வழக்கம்போல் இல்லை என்றால், மயக்க மருந்தின் எச்சம் என்று எண்ணிப் பொறுத்திராமல் அன்றே சொல்லிவிட வேண்டும்.

ரோபோ என்ற சொல் இப்போது விளம்பரங்களில் மிகுதியாக அடிபடுகிறது. அக்கருவி தானே அறுவை செய்வதன்று. மருத்துவர் அமர்ந்து இயக்க, அவர் கையசைவை நுண்மையாக்கித் தருவது. இத்துறையில் முன்னோடியாகத் திகழ்ந்தவர்களுள் ஒருவரான மணி மேனன், புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் படித்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பயிற்சி பெற்று, டெட்ராய்ட் நகரில் இம்முறையை வளர்த்தவர். பெரிதாக்கிக் காட்டும் படமும், குறைந்த குருதி இழப்பும், சிறு துளைகளும் இதன் நன்மைகள். ஆனால் ரோபோ என்றாலே நரம்பு பிழைத்துவிடும் என்று நம்புவதற்குச் சான்றில்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 326 ஆடவரைக் கொண்டு, திறந்த அறுவையையும் ரோபோ அறுவையையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டனர். 2016இல் வெளிவந்த அதன் முதல் முடிவிலும், இரண்டாண்டு நிறைவில் எடுத்த கணக்கிலும், சிறுநீர் அடக்கும் திறனிலோ இல்லற ஆற்றலிலோ இருசாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கருவியின் பெயரை விசாரிப்பதைக் காட்டிலும், அதை இயக்கப்போகும் கை இதுவரை எத்தனை அறுவைகளைச் செய்திருக்கிறது என்று விசாரிப்பதே அறிவுடைமை. கூச்சப்பட வேண்டியதில்லை, நல்ல மருத்துவர் எவரும் இக்கேள்விக்குச் சினங்கொள்ளார்.

எல்லாவற்றிற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. இவ்வறுவை இப்போது தேவைதானா? பிரிட்டனில் 50 முதல் 69 வயது வரையிலான 1,643 ஆடவரை, சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்த புற்றுடையோரை, மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு அறுவை, ஒரு பிரிவினருக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவினருக்கு உடனடிச் சிகிச்சை இன்றி இடையறாத கண்காணிப்பு. 15 ஆண்டுகள் கழித்து 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்நோயால் இறந்தவர் நூற்றுக்கு மூவர் அளவே. மூன்று பிரிவிலும் ஏறத்தாழ அதே நிலை. ஆனால் கண்காணிப்பில் இருந்தோரிடையே நோய் உடலின் பிற இடங்களுக்குப் பரவியது மற்ற இரு பிரிவினரைப் போல் இரு மடங்காக இருந்தது என்பதையும் மறைக்கலாகாது. பக்கவிளைவுகளைப் பார்க்கையில், அறுவைப் பிரிவினருள் ஆறாம் மாதத்தில் 46 விழுக்காட்டினர் கசிவுக்காகப் பேடு அணிந்தனர். ஆறாம் ஆண்டில் அது 17 விழுக்காடாகக் குறைந்தது. இல்லற உறவுக்குப் போதிய விறைப்பு, சிகிச்சைக்கு முன் 67 விழுக்காட்டினருக்கு இருந்தது. அறுவைக்குப் பின் ஆறாம் மாதத்தில் 12 விழுக்காட்டினருக்கே இருந்தது.

இந்த எண்களைக் கண்டு அறுவையே வேண்டாம் என்று முடிவு செய்வது பிழை. வீரியமுள்ள புற்றுக்கு அறுவையோ கதிர்வீச்சோ உயிர் காக்கும் சிகிச்சை. அங்கே தயக்கம் கூடாது. வீரியம் குறைந்த புற்று என்று பயாப்சி சொன்னால், பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யும் குறித்த காலத்தில் செய்துகொண்டு காத்திருப்பதும் மதிக்கத்தக்க மருத்துவ வழியே. “கேன்சர்” என்ற சொல்லைக் கேட்ட அன்றே அறுவைக்கு நாள் குறிக்கச் சொல்லிப் பதறுவது பிள்ளைகளின் அன்பைக் காட்டலாம். எனினும் இரண்டு வாரம் பொறுத்து வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பதனால், பெரும்பாலான புராஸ்டேட் புற்றுநோய்களில் இழப்பு ஏதுமில்லை.

பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடலாம். மருத்துவர் நரம்பைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே, “இந்த வயதில் அப்பாவுக்கு அதெல்லாம் எதற்கு டாக்டர், உயிர் தப்பினால் போதும்” என்று மகனோ மருமகனோ இடைமறிப்பது வழக்கமாகிவிட்டது. அருகில் அமர்ந்திருக்கும் தந்தை அதன் பின் எதைத்தான் கேட்பார்? அது அவரும் அவர் மனைவியும் சேர்ந்து விடை சொல்ல வேண்டிய கேள்வி. மகன் சொல்ல வேண்டியதன்று. கணவன் மனைவி இருவர் மட்டும் மருத்துவரிடம் பேச ஒரு கால்மணி நேரத்தை ஒதுக்கித் தந்து, பிள்ளைகள் வெளியே சென்று காத்திருப்பது நல்லது. அவ்வேளையில், அறுவைக்கு முன் தம் ஆற்றல் எந்நிலையில் உள்ளது என்பதை அவர் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் நெடுநாளாக உள்ளவர்க்கு நரம்பும் குருதிக்குழாயும் முன்னமே தளர்ந்திருக்கலாம். ஏற்கெனவே இல்லாததை அறுவை திருப்பித் தராது. வயது குறைந்தவர்க்கும், முன்பு நல்ல நிலையில் இருந்தவர்க்கும், இருபக்க நரம்பும் காக்கப்பட்டவர்க்கும் மீட்சி அதிகம்.

அறுவைக்குப் பின், ஒன்று முதல் இரண்டு வாரம் சிறுநீர் ட்யூப் பொருத்தப்பட்டிருக்கும். அதை எடுத்த அன்று கசிவு இருப்பது இயல்பே. இருமினாலும் எழுந்தாலும் கசியும். பெரும்பாலோர்க்கு மாதந்தோறும் குறைந்து, மூன்றாம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் இடையில் கட்டுக்குள் வந்துவிடும். அதற்குத் துணை செய்வது இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் பெண்களுக்காக வகுத்த இப்பயிற்சி இன்று ஆடவர்க்கும் உரியதாயிற்று. அபான வாயுவை அடக்குவது போல் ஆசனவாயைச் சுற்றியுள்ள தசையை மேல்நோக்கி இழுத்து, சில நொடிகள் நிறுத்தி, தளர்த்த வேண்டும். வயிற்றையோ தொடையையோ இறுக்கக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. யோகத்தில் மூலபந்தம் பழகியவர்க்கு இது புதிதன்று. அறுவைக்குச் சில வாரங்கள் முன்னரே தொடங்கினால் தசையை அடையாளம் காண்பது எளிது. ட்யூப் உள்ள நாட்களில் மட்டும் செய்யலாகாது.

கசிவுக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைப்போர் பலர். கதிரவன் மறையும் முன் உணவையும் நீரையும் முடித்துக்கொள்ளும் இல்லங்களில், இரவுச் சிறுநீர்த் தொல்லை குறைவது உண்மையே. ஆனால் மாலையில் நிறுத்துவோர் அதற்குரிய அளவைப் பகலிலேயே அருந்திவிட வேண்டும். சிறுநீர் அடர்த்தியானால் பையில் எரிச்சல் உண்டாகிக் கசிவு மிகும். ட்யூப் உள்ள நாட்களில் அடைப்பும் தொற்றும் நேரலாம். நோன்பு மேற்கொள்ள எண்ணுவோர் முன்னதாக மருத்துவரிடம் சொல்லித் தேதியை வகுத்துக்கொள்வது நலம். ஓராண்டு கழிந்தும் கசிவு தீராதவர்க்கு, சிறுநீர்க்குழாயைத் தாங்கும் வலைப்பட்டை பொருத்துதலும், செயற்கை வளையத் தசை பொருத்துதலும் உண்டு. செயற்கை வளையம் 1970களின் தொடக்கம் முதலே பயன்பாட்டில் உள்ளது. வாழ்நாள் முழுதும் பேடு அணிந்தே ஆக வேண்டும் என்ற விதி எவருக்கும் எழுதப்படவில்லை.

இல்லற ஆற்றலுக்கு உதவ, 1998இல் வழக்கத்துக்கு வந்த சில்டெனாபில் போன்ற மாத்திரைகளும், வெற்றிடக் கருவியும், ஊசி மருந்தும், இவை பயன்தராதபோது உட்பொருத்தும் கருவியும் இருக்கின்றன. நரம்பு முற்றிலும் போனவர்க்கு மாத்திரை பலிப்பதில்லை. மற்ற வழிகள் பலிக்கும். நரம்பு உறங்கும் காலத்தில் குருதியோட்டத்தைப் பேணுவதற்காக மாத்திரையை முன்கூட்டியே தொடங்கும் மருத்துவரும் உளர். அதனால் நரம்பு விரைவில் மீள்கிறது என்பது உறுதிப்படவில்லை. ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சுவலிக்கு நாவின் கீழ் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து உட்கொள்வோர் இம்மாத்திரைகளைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும். வெட்கத்தால் மருத்துவரைத் தவிர்த்து, தெரிந்தவர் மூலம் மருந்துக்கடையில் வாங்கி விழுங்குவோர்க்கு நேரும் கேடு இதுவே. செய்தித்தாளில் வரும் லேகிய விளம்பரங்களைப் பற்றித் தனியே பேச வேண்டியதில்லை.

மருத்துவமனையை விட்டு வெளியேறும் நாளில் தரப்படும் சுருக்கக் குறிப்பில் பெரும்பாலும் நோயின் பெயரும் மருந்துகளின் பட்டியலுமே இருக்கும். அறுவைக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். இருபக்க நரம்பும் காக்கப்பட்டனவா, ஒருபக்கமா, இரண்டும் நீக்கப்பட்டனவா, நிணநீர்க் கட்டிகள் எடுக்கப்பட்டனவா என்பன அதில்தான் எழுதப்பட்டிருக்கும். பயாப்சி அறிக்கை, அகற்றிய சுரப்பியின் ஆய்வறிக்கை, பி.எஸ்.ஏ. அளவுகள் ஆகியவற்றோடு அதனையும் ஒரே உறையில் இட்டு வைத்தால், ஓராண்டு கழித்து வேறோர் ஊரில் வேறொரு மருத்துவரைக் காண நேரும்போது, காத்திருக்கச் சொல்வதா, அடுத்த சிகிச்சையைத் தொடங்குவதா என்பதை அவர் அந்த ஒரு வரியைக் கொண்டே தீர்மானிக்கத் தொடங்குவார்.